எட்டணா கேட்ட காந்தியும் ஆறு ரூபாய் கேட்ட மருமகளும்

பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு தையல் மெஷின்கள் ஓடுகின்றன. நான் மத்தியானத் தூக்கத்தை மறந்து மூன்று வருஷம் ஆகிறது. மருமகளின் தொழில் அது. இன்ஸ்கர்ட், நைட்டி, சீசன் வந்தால் பள்ளிச் சீருடை. பக்கத்துத் தெருக்களிலிருந்து ஐந்து பெண்கள் வருகிறார்கள். ஆறாவது மெஷினில் அவளே உட்காருகிறாள். கணக்கு நோட்டு மட்டும் என் பொறுப்பு. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா?

போன மாதம் ஒருநாள் ராத்திரி, சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இன்ஸ்கர்ட்டுக்கு பன்னெண்டு ரூபா கொடுக்கிறோம்ல, அதைப் பதினெட்டு ஆக்கினா என்ன ஆகும்னு போட்டுச் சொல்லுங்களேன்."

போட்டேன். ஒரு இன்ஸ்கர்ட்டுக்குத் துணி 68 ரூபாய். நூலும் நாடாவும் 5. கட்டிங் 5. கரண்ட், அயர்ன் எல்லாம் சேர்த்து 4. தையல் கூலி 12. மொத்தம் 94. பெரிய கடைவீதி வியாபாரி கொடுப்பது 100. மிச்சம் 6 ரூபாய். மெஷின் ரிப்பேர், ஆட்டோ வாடகை, விற்காமல் திரும்பி வரும் பீஸ், இவளுடைய உழைப்பு எல்லாமே அந்த ஆறு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். கூலியில் ஆறைக் கூட்டினால் மிச்சம் பூஜ்யம். அதைச் சொன்னேன்.

"ஒருத்தங்க நாளைக்கு இருபத்தஞ்சு பீஸ் தைக்கிறாங்க மாமா. முந்நூறு ரூபா. கட்டட வேலைக்குப் போற சித்தாளுக்கே அதைவிட அதிகம். நம்ம வீட்டுக்குள்ளேயே உக்காந்து தைக்கிறவங்களுக்கு அதைக்கூடக் கொடுக்க முடியலேன்னா எப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் இது புதுக் கணக்கு இல்லை என்பது மட்டும் உறைத்தது. நம்மைவிடப் பெரியவர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துத் திணறியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

நம் ஊருக்கும் துணிக்கும் உள்ள சம்பந்தம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த பெரிப்ளஸ் என்ற பழைய குறிப்பில் 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணி வருகிறது. அந்த அர்கரு நம் உறையூர்தான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தைய செய்தி. என்ன துணி, எங்கிருந்து போயிற்று என்றெல்லாம் இருக்கிறது. நெய்தவனுக்கு என்ன கிடைத்தது என்பது அதில் இல்லை. பழைய துணிக் கணக்குகளில் பெரும்பாலும் அந்தப் பத்தி காலியாகத்தான் இருக்கும்.

அந்தப் பத்தியை நிரப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த வியாபாரம் ஒன்று உண்டு. அது கதர்.

கதர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ராட்டையும் தியாகிகளும் நினைவுக்கு வருவார்கள். நான் அதை ஒரு வியாபாரமாகப் பார்க்கச் சொல்கிறேன். பஞ்சு வாங்க வேண்டும். ஊர் ஊராகப் பெண்களிடம் கொடுத்து நூற்க வைக்க வேண்டும். நூலை எடை போட்டு, தரம் பார்த்து, கூலி கொடுத்து வாங்க வேண்டும். நெசவாளியிடம் கொடுத்துத் துணியாக்கி, வெளுக்கவோ சாயம் போடவோ செய்து, கடைக்கு அனுப்பி, மில் துணியின் பக்கத்தில் வைத்து விற்க வேண்டும். மில் துணி இதைவிட வழுவழுப்பு, விலையும் குறைவு. வியாபாரம் தெரிந்தவன் யாரும் கையை வைக்க மாட்டான்.

விலைதான் முதல் நாளிலிருந்தே தகராறு. 1921 செப்டம்பரில் காந்தி தமிழ்நாட்டில் சுற்றினார். திருச்சிக்கும் வந்தார். பிறகு மதுரைக்கு ரயிலில் போகும்போது, அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் கட்டக் கூடாதா என்று கேட்டார். கதர் வாங்குகிற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லை, அது விலை அதிகம் என்று அவர்கள் சொன்னார்கள். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரை வேட்டிக்கு மாறியது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு விலைப்பட்டியல் இருந்தது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. வாங்க முடியாதவர்கள் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். அவரும் அந்தப் பதிலைத் தள்ளிவிடவில்லை, தன் உடம்பில் துணியைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த சில வருஷம் தமிழ்நாட்டில் கதர் விற்ற விதம் நினைத்தாலே மலைப்பாக இருக்கும். ஈரோட்டுப் பெரியார் அப்போது காங்கிரஸ்காரர், தமிழ்நாடு கதர் போர்டின் தலைவர். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவர். 1925இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார், பிற்பாடு கதரையும் கடுமையாக விமர்சித்தார். அது வேறு கதை. மூட்டை சுமந்த தோள் என்பது மட்டும் நிஜம். கருத்து வேறுபாடு உள்ளவர்களும் அதை மறுக்க மாட்டார்கள்.

அதே 1925 பிப்ரவரியில் ராஜாஜி திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சேலத்தில் நன்றாக நடந்த வக்கீல் தொழிலை எப்போதோ விட்டாயிற்று. குடும்பத்தோடு போய்க் குடிசையில் குடியேறினார். மழை பொய்க்கிற பூமி அது. சுற்றுவட்டாரப் பெண்கள் மைல் கணக்கில் நடந்து வந்து, நூற்ற நூலைக் கொடுத்துவிட்டு, கூலியையும் அடுத்த தவணைப் பஞ்சையும் வாங்கிக்கொண்டு போவார்கள். மழையில்லாத வருஷத்தில் அந்தச் சில அணாக்களில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் ஆரம்பமாயிற்று. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இருந்தது. இன்று பனியனுக்குப் பெயர் போன திருப்பூர், அன்று கதருக்குப் பெயர் போன ஊர்.

இனி எட்டணாவுக்கு வருகிறேன்.

பத்து வருஷம் இப்படியே ஓடியது. துணி விற்றது, சங்கம் வளர்ந்தது. கூலி? முழு நாள் ராட்டை சுற்றினாலும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது ஓரிரண்டு அணா. இந்தத் தலைமுறைக்காகச் சொல்கிறேன், 16 அணா ஒரு ரூபாய். மில் துணியோடு போட்டி போட வேண்டுமானால் எங்காவது குறைத்துத்தானே ஆக வேண்டும்? பஞ்சு விலையைக் குறைக்க முடியாது. நெசவாளி கெட்டிக்காரன், குறைத்தால் மில் நூலுக்குப் போய்விடுவான். கடைக்கு வாடகை உண்டு. எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் நூற்கிற பெண்தான். ஏழைக்காகத் தொடங்கிய வியாபாரத்தில் விலையைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஏழையின் முதுகு.

1935இல் காந்தி இதைக் கையில் எடுத்தார். எட்டு மணி நேரம் ஒழுங்காக நூற்றால் எட்டணா, அதாவது மணிக்கு ஓரணா கொடுக்க வேண்டும் என்றார். சங்கத்தில் பொறுப்பாக இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தவன் எவனும் முதலில் சொல்வது, 'விற்காது ஐயா' என்பதுதான். போன மாதம் நானும் அதைத்தான் சொன்னேன். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்: விலை ஏறும், வாங்குகிறவன் ஓடிவிடுவான், கடைசியில் நூற்கிறவளுக்கு இப்போது கிடைப்பதும் போய்விடும்.

தப்பான வாதம் இல்லை. அதில்தான் சங்கடமே.

கடைசியில் எட்டணா கைக்கு வரவில்லை. ஆனால் கூலிக்கு ஒரு கீழ்மட்டம் வேண்டும், அது வயிற்றுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. கூலி உயர்ந்தது. பயந்தபடியே விலையும் ஏறியது, விற்பனை அடிவாங்கியது. அதற்கு அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. நூற்கிறவர்களே கதர் கட்ட வேண்டும் என்று சொல்லி, கூடிய கூலியில் ஒரு பகுதியைத் துணியாகக் கொடுத்தார்கள். இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? உழைத்தவளுக்குத் தான் செய்த துணி கிடைத்தது. ஆனால் காசாகக் கேட்டால் கிடைக்காது. எனக்கு இன்றுவரை இதில் திருப்தி இல்லை. கூலி என்றால் கையில் ரொக்கமாக விழ வேண்டும், அவள் அதை என்ன செய்தால் நமக்கென்ன?

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. காந்தி ஜெயந்தி தள்ளுபடி என்று வரிசையில் நின்று வாங்கியிருப்பீர்கள். கதரும் கோ-ஆப்டெக்ஸ் சேலையும் எங்களுக்கு மாதத் தவணையில் கிடைக்கும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடித்தப் பட்டியலை நானே வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறேன். 'மறுபடியும் கதரா சார், பொண்டாட்டி திட்டுறா' என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்ட சக குமாஸ்தாக்கள் எத்தனை பேர்! அந்த முனகலில்தான் எங்கேயோ ஒரு நூற்பாளியின் கூலி ஓடியது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டும். நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1962இல் சட்டப்படி பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேர்ந்தபோது நான் அரைக்கால் சட்டைப் பையன். அந்தப் பள்ளியில் பாரிஸ் வீதிகளின் பெயரெல்லாம் மனப்பாடம், காவிரியின் கிளைகள் தெரியாது. 1848ஆம் வருஷப் புரட்சி பாடத்தில் லூயி பிளாங் என்பவருக்கு ஒரே ஒரு வரி. அவரைப் பற்றிப் பெரியவனான பிறகுதான் சரியாகப் படித்தேன்.

1848 பிப்ரவரியில் அரசர் ஓடிப்போய், பாரிஸில் குடியரசு வந்தது. வேலையில்லாமல் தையல்காரர்கள் திண்டாடினார்கள். கடனுக்காகச் சிறை வைக்கும் சட்டத்தைப் புது அரசு நிறுத்தியதால் கிளிஷி என்ற கடன்காரர் சிறை காலியாகக் கிடந்தது. லூயி பிளாங் அதைத் தையல்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். கூட்டுறவுத் தையற்கூடம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 2 பிராங்க், எல்லோருக்கும் ஒரே கூலி. லாபம் வந்தால் பிற்பாடு பங்கு. சமக்கூலியைப் பற்றி அன்றே நிறையப் பேர் கேலி செய்தார்கள். வேகமாகத் தைக்கிறவனும் மெதுவாகத் தைக்கிறவனும் ஒன்றா என்று. எங்கள் முன்னறையில் அந்த முறையைக் கொண்டுவந்தால் மறுநாளே சண்டை வரும், சந்தேகமில்லை.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தக் கூடத்துக்கு முதலிலேயே ஓர் ஆர்டர் இருந்தது. தேசியக் காவற்படைக்கு 1 லட்சம் சீருடை. ஆர்டர் கொடுத்தது அரசு. துணி தைப்பதற்கு முன்பே அதை வாங்குகிறவர் யார் என்று தெரியும், விலையும் தெரியும். அதனால்தான் இரண்டு பிராங்கைத் தைரியமாகக் கொடுக்க முடிந்தது. அதே வருஷம் ஜூனில் பாரிஸில் ரத்தம் ஓடியது, ஆகஸ்டில் லூயி பிளாங் இங்கிலாந்துக்கு ஓடிப்போக வேண்டியதாயிற்று.

முன்கூட்டியே ஆர்டர் இருக்கிற தையல் நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை நம் திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் தொடங்கி வைத்தார். நாங்களெல்லாம் வெயிலில் நின்று பார்த்த கூட்டம் அது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை. அதைத் தைக்கிற வேலை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களுக்கு. இதற்கு மேற்பார்வை சமூக நலத்துறை. துணி பெரும்பாலும் நம் நெசவாளர் கூட்டுறவுகளிலிருந்து வரும். சங்கத்தில் வெட்டிக் கட்டிக் கொடுப்பார்கள். உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துத் திருப்பிக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். 2012-13 கல்வியாண்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு நான்கு செட் என்றாயிற்று. நூற்றவர், நெய்தவர், தைத்தவர், உடுத்தியவர் எல்லாமே இந்த மண்ணின் ஆட்கள். யோசித்துப் பார்த்தால் கதர்க்காரர்கள் கண்ட கனவுக்கு வெகு பக்கத்தில் வந்த ஏற்பாடு. ராட்டை மட்டும்தான் இல்லை.

இந்த மாதிரிச் சங்கம் ஒன்றின் கூலிப் பட்டியல் ஒரு காலத்தில் என் மேஜைக்கு வந்தது. எந்த அலுவலகம், எந்தச் சங்கம் என்பதெல்லாம் வேண்டாம். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. நாற்பது சொச்சம் பெண்களின் கூலி. இரண்டு வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாமல் கையெழுத்து இருந்தது. விதிப்படி ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினேன். தபாலில். ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம், அந்த இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாஸ் பண்ணியிருக்கலாம். அதற்கும் விதியில் இடம் இருந்தது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். சோம்பல். சங்கத் தலைவி இரண்டு தடவை பஸ் பிடித்து வந்து வராந்தாவில் நின்றார். 'பட்டியல் திரும்பி வரட்டும்மா' என்று சொல்லி அனுப்பினேன். பணம் தீபாவளி கழிந்து எட்டாம் நாள் போனது.

அந்த உறுப்பினர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர் என்பது எனக்குத் தெரியாது. தெருக்குழாயடியில் என் மனைவியிடம் சொன்னாராம், "சார்கிட்ட சொல்லாதீங்க அக்கா, அவரு என்ன பண்ணுவாரு. இந்த வருஷம் புள்ளைங்களுக்குத் துணி எடுக்கல, அவ்ளோதான்." என் மனைவி அதைச் சொன்ன விதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

காந்தி எட்டணா கேட்டார். லூயி பிளாங் 1 லட்சம் சீருடைக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து மட்டும்.

உலகம் இன்று துணியை இன்னும் மலிவாகக் கேட்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காள தேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே தைத்தது வெளிநாட்டுக் கடைகளுக்கான சட்டைகள். முந்தின நாளே சுவரில் வெடிப்பு விட்டிருந்தது, இருந்தும் உள்ளே போகச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்துப் புத்தாநத்தத்தில் வீட்டுக்கு வீடு ரெடிமேட் தைக்கிறார்கள். அவர்களும் பெரிய கடைவீதிக்காரரும் எங்கள் மருமகளும் எல்லோரும் ஒரே விலைக்குள் நெரிந்துகொண்டுதான் நிற்கிறோம்.

நோட்டை மறுபடி எடுத்தேன். இரண்டு ராத்திரி ஆயிற்று. குமாஸ்தா வேலையில் கற்றது ஒன்று உண்டு: ஒரே தொகையாகப் பார்த்தால் இடிக்கும், பிரித்துப் பார்த்தால் எங்காவது சந்து கிடைக்கும். கட்டிங்கில் வீணாகும் துணியை எடை போடச் சொன்னேன். இரண்டிரண்டாக வெட்டியதை எட்டெட்டாக அடுக்கி வெட்டினால் பீஸுக்கு ஒன்றரை ரூபாய் மிஞ்சுகிறது. வியாபாரியிடம் நானும் கூடப் போனேன். நரைத்த தலைக்கு ஒரு மரியாதை கொடுத்து 102 என்றார், அதற்கு மேல் அசையவில்லை. அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கடையில் வந்து 'இன்னும் குறைச்சுக்கோங்க' என்று கேட்கிறவர்கள் நாம்தான். மீதிக்கு ஸ்ரீரங்கத்தில் மருமகளின் தோழிகள் இருக்கும் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நேராக விற்கிறாள், 140 ரூபாய்க்கு. மாதம் அறுபது, எழுபது பீஸ் போகிறது. யார் தைத்தார்கள் என்று கேட்டவர்களும் உண்டு, ஐந்து ரூபாய் குறையுங்கள் என்றவர்களும் உண்டு.

பதினெட்டு முடியவில்லை. இந்த மாதத்திலிருந்து பதினைந்து. பெண்களை உட்கார வைத்து, துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, எங்களுக்கு இவ்வளவு என்று நோட்டைத் திறந்து வாசித்துக் காட்டினேன். மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அப்ப அடுத்த தீபாவளிக்குப் பதினெட்டு ஆகுமா சார்?"

ஆகலாம் என்றேன். சத்தியம் செய்யவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் பேச்சில் இருக்கிறது. போன தடவை இன்னொரு பள்ளி ஐந்து மாதம் பணம் தராமல் இழுத்ததால், இந்தமுறை பாதி முன்பணம் என்று கண்டிப்பாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் என் கையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூலி. வியாபாரி பணம் தந்தாலும் தராவிட்டாலும், என் பென்ஷனிலிருந்து எடுத்தாவது, ஐந்து மணிக்கு. நோட்டில் ஐந்து பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஸ்டாம்ப் கேட்பதில்லை.